அரியணையில் உட்கார்ந்து பார்த்தேன்: க்ரூசேடர் கிங்ஸ் 3 மதிப்புரை

க்ரூசேடர் கிங்ஸ் 3 கணினி விளையாட்டில் வரும் ஒவ்வொரு மனிதருக்கும் ஆறு திறன்கள் எண்களாகத் தரப்பட்டிருக்கின்றன. இராஜதந்திரம், படைநடத்தல், நிர்வாகம், சூழ்ச்சி, கல்வி, கடைசியாகக் கைவலிமை. வாளை உருவினால் எதிரில் நிற்பவர் என்ன ஆவார் என்பது அந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது. அது மிகக் குறைவாக உள்ள ஒருவரை அரியணையில் அமர்த்தி நாற்பது ஆண்டு ஆளலாம். அதே எண் வானளாவ நிற்கும் ஒரு மல்லரை அமர்த்தி நான்கே ஆண்டில் நாட்டைத் தொலைக்கலாம். இந்த ஏற்பாட்டைக் கண்டதும்தான் எனக்கு இந்த விளையாட்டின்மேல் மரியாதை வந்தது.

நான் வரலாறு நடத்திப் பிழைத்தவள். 'எந்த ராஜா டீச்சர் ரொம்பப் பலசாலி?' என்று ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு வகுப்பில் ஒரு குரல் எழும். வென்ற போர்களை அடுக்கி விடை சொல்லும் பாடநூல்களோடு என் பணிக்காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் மகன் தன்னுடைய பழைய கணினியில் இதை நிறுவிக் கொடுத்தான். பொழுது போகட்டும் என்று நினைத்திருப்பான். இப்போது அவன் போன் செய்தால் 'கொஞ்சம் இரு, கிளர்ச்சி நடக்கிறது' என்று சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறேன்.

வரைகலை எப்படி, வேகம் எப்படி என்று தேடுபவர்களுக்கு இந்த மதிப்புரை அரைகுறையாகத்தான் உதவும். பலம் என்பது எங்கே இருக்கிறது, ஆளத் தகுதி என்பது எது என்ற பழைய கேள்விகளுக்கு இந்தப் பொருள் என்ன விடை வைத்திருக்கிறது என்று பார்க்கத்தான் எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஸ்டாக்ஹோமில் இயங்கும் பாரடாக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு இது. 2004இல் தொடங்கிய வரிசையில் மூன்றாவதாக, 2020 செப்டம்பர் 1 அன்று வெளியானது. 867 அல்லது 1066ஆம் ஆண்டிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கலாம். 1178 என்ற மூன்றாவது தொடக்கம் 2024இல் சேர்ந்தது. 1453 வரை ஓடும். வெளியானபோதே வரைபடம் ஐரோப்பாவில் தொடங்கி இந்தியாவையும் தழுவி நின்றது. நம் கையில் கொடுக்கப்படுவது ஒரு மனிதர். அவருக்கு மணமாகும், பிள்ளைகள் பிறக்கும், மூட்டு வலிக்கும், ஒரு நாள் இறந்துபோவார். அடுத்த நொடியே அவருடைய வாரிசாக நாம் கண் விழிக்கிறோம். குலத்தில் வாரிசே இல்லாமல் போனால் ஆட்டம் முடிந்தது.

முதலில் பலத்தைப் பார்ப்போம். படை என்ற இடத்தில் ஓர் எண் நிற்கும். ஐயாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். சுட்டியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த ஐயாயிரம் நம் கண்ணெதிரே உதிரத் தொடங்கும். சொந்த மண்ணில் திரட்டியது இவ்வளவு, சிற்றரசர்கள் ஒப்பந்தப்படி அனுப்ப வேண்டியது இவ்வளவு. பல நாடுகளில் இரண்டாவது பங்குதான் பெரியது. அரசர் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நிலைப்படை தனிக் கணக்கு. அதற்குக் கருவூலத்திலிருந்து மாதந்தோறும் பொன் போய்க்கொண்டே இருக்கும். பணம் தீர்ந்தால் அதன் வீரமும் தீரும். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று நம் பழைய உரையாசிரியர்கள் படையை ஆறாகப் பிரித்தார்கள். அவர்கள் இந்தத் திரையைப் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார்கள்.

ஆக, 'என் படை' என்று அரசர் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி அடுத்தவர்களுடையது. சிற்றரசர் ஒருவர் அறுநூறு பேரை அனுப்புகிறார் என்றால் அவர் நம்மோடு இருக்கும்வரை அது நம் பலம். அவர் பகைத்துக்கொண்டு கிளம்பினால் அந்த அறுநூறு நம் கணக்கில் கழிவதோடு நிற்காது. எதிரியின் கணக்கில் கூடும். அதிருப்தியாளர்கள் சேர்ந்து அமைக்கும் கட்சிக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. அவர்களுடைய கூட்டுப் பலம் அரசரின் பலத்தில் எத்தனை விழுக்காடு என்று அங்கே தெரியும். அது ஓர் எல்லையைத் தொட்டதும் தூதர் ஓலையோடு வந்துவிடுவார்: கேட்பதைக் கொடு, இல்லாவிட்டால் போர்.

அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்த பொழுதுகள்தான் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒவ்வொருவருக்கும் நம்மேல் என்ன மதிப்பு என்பது மைனஸ் நூறிலிருந்து பிளஸ் நூறு வரை எண்ணாக இருக்கும். அதன்மேல் சுட்டியை வைத்தால் காரணங்கள் வரிசையாக விரியும். இன்னது கொடுத்தார், இவ்வளவு கூடுதல். இன்னாரைக் காரணமின்றிச் சிறையிட்டார், இவ்வளவு குறைவு. எனக்கு உரிய நிலத்தை அவர் வைத்திருக்கிறார், இவ்வளவு குறைவு. நாம் மறந்துபோன ஒரு கருமித்தனம் அங்கே பச்சையாகவோ சிவப்பாகவோ உட்கார்ந்திருக்கும். பலம் என்பது பிறருடைய நினைவில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை இவ்வளவு கறாராகக் காட்டும் பாடக்கருவி எதையும் பள்ளியில் நான் பெற்றதில்லை.

அடுத்தது அச்சம். அதற்கும் சுழியத்திலிருந்து நூறு வரை ஓர் எண் இருக்கிறது. கைதிகளின் தலையை வாங்கினால் ஏறும். ஏறியதும், அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் கட்சி சேர அஞ்சி ஒதுங்கிக்கொள்வார்கள். என் அண்ணன் மகனின் ஆட்சிக்கலை முழுவதும் இந்த ஒற்றை எண்ணின்மேல்தான் நிற்கிறது.

"அத்தை, நீங்கள் எல்லோருக்கும் பரிசு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பேரை வெட்டுங்கள், மற்றவர்கள் தாமாக அடங்குவார்கள்" என்றான்.

"உன் அரசர் செத்த பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

"அது வேறு கதை" என்றான்.

அதுதான் கதையே. அச்சம் தானாகத் தேயும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல இறங்கும். தக்கவைக்க வேண்டுமென்றால் புதிதாக யாரையாவது கொன்றுகொண்டே இருக்க வேண்டும். அதைவிட நுட்பமான இன்னொன்று: ஒவ்வொருவருக்கும் துணிச்சல் வேறுபடும். கோழைகள் சிறிய அச்சத்துக்கே சுருண்டுவிடுகிறார்கள். வீரர் என்ற குணம் பெற்றவர் எளிதில் அசைவதில்லை. அதாவது அச்சத்தால் ஆள்பவர், யாரைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லையோ அவர்களைத்தான் முதலில் அடக்குகிறார். கொல்லப்பட்டவர்களின் உறவினர்களோ மறப்பதில்லை. அரசர் இறந்ததும் அவருடைய அச்சம் அவரோடு புதைகுழிக்குப் போய்விடும். மகன் கைக்கு வருவது வெறுப்பு மட்டும். அண்ணன் மகனின் மூன்று அரச பரம்பரைகள் இப்படித்தான் சரிந்தன. நான்காவதிலும் அதையே செய்கிறான்.

அயர்லாந்தில் நான் ஆண்ட ஒரு மன்னருக்கு 'இரக்கமுள்ளவர்' என்பது பிறவிக் குணம். அவர் காலத்தில் ஒரு சிற்றரசர் கிளர்ச்சி செய்து தோற்று என் சிறைக்கு வந்தார். கொல்லச் சட்டப்படி எனக்கு உரிமை இருந்தது; கொடுங்கோன்மைப் பழி வராது. கொல்லும் பொத்தானின்மேல் சுட்டியை வைத்தேன். இவ்வளவு அச்சம் ஏறும் என்று ஒரு வரி. அதன்கீழே, மன்னரின் மன அழுத்தம் இவ்வளவு ஏறும் என்று இன்னொரு வரி. ஏற்கெனவே மனம் உடையும் நிலையில் இருந்தவர் அவர். கொல்லவில்லை. சிற்றரசரின் நிலங்களில் ஒன்றைப் பறித்துக்கொண்டு அவரை விடுவித்தேன். அந்தச் சிற்றரசருக்குக் கடைசிவரை என்மேல் அன்பு வரவில்லை. எண் சிவப்பாகவே இருந்தது. ஆனால் அவருடைய மகனுக்கு என்மேல் பழிவாங்கும் காரணம் எதுவும் இல்லை. பின்னர் வடக்கிலிருந்து படையெடுப்பு வந்தபோது என் முன்னணிப் படையை நடத்தியவர் அந்த மகன்தான்.

இந்த மன அழுத்தம் என்ற கணக்கைச் சற்று நின்று பேசியாக வேண்டும். இந்த விளையாட்டின் மிகச் சிறந்த சிந்தனை அது. மனிதர் தன் இயல்புக்கு மாறாக நடந்தால் அழுத்தம் ஏறும். ஏறிக்கொண்டே போனால் ஒரு நாள் உடைவார். குடிக்கத் தொடங்குவார், கண்டபடி உண்பார், ஆட்களைப் பார்க்க மறுத்து அறைக்குள் முடங்குவார். உடல்நலமும் கெடும். நேர்மையாளர் பொய் சொல்லும்போது ஏறுவதுபோல், கருமி கொடை கொடுக்கும்போதும் ஏறும். குரூரர் ஒருவருக்கோ, சித்திரவதை செய்தால் அழுத்தம் இறங்குகிறது. நன்மை செய்பவர்கள் நிம்மதியாக உறங்குவார்கள், தீயவர்கள் மனச்சாட்சி உறுத்தப் புரள்வார்கள் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். இந்த ஆட்டம் அப்படிப் பொய் சொல்லவில்லை. குரூரர் நன்றாகத்தான் உறங்குகிறார். அவரிடமிருந்து நாட்டைக் காப்பாற்ற அவருடைய மனச்சாட்சியை நம்பிப் பயனில்லை, சுற்றியிருப்பவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை ஒரு விளையாட்டு நிறுவனம் பொட்டில் அடித்தாற்போல் சொல்லியிருக்கிறது.

உடல்வலிமைக்கும் ஆளும் வலிமைக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க விரும்புபவர்கள் 1178ஆம் ஆண்டைத் தேர்ந்தெடுத்து ஜெருசலேமுக்குப் போகலாம். அந்த ஆண்டில் அங்கே அரசர் நான்காம் பால்ட்வின். சிறுவயதிலேயே தொழுநோய் பற்றியவர். 1174இல் பதின்மூன்று வயதில் அரியணை ஏறினார். 1177 நவம்பரில் மோன்ஷிசார் என்ற இடத்தில் எகிப்தை ஆண்ட சுல்தான் சலாதீனின் பெரும்படையைத் தோற்கடித்தபோது அவருக்கு வயது பதினாறு. நோய் முற்றியது. கைகால்கள் செயலிழந்தன, பார்வை போயிற்று. 1183இல் கெராக் கோட்டையைச் சலாதீன் முற்றுகையிட்டபோது, பல்லக்கில் படுத்தபடியே படையோடு போனார். முற்றுகை விலகியது. அதே ஆண்டில்தான், தமக்குப் பதிலாக ஆட்சியைக் கவனிக்கத் தாம் அமர்த்திய மைத்துனர் கீ என்பவரை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கினார். கீக்கு நோய் எதுவும் இல்லை. நல்ல உடற்கட்டோடு குதிரையேறக்கூடியவர். 1185இல் பால்ட்வின் இறந்தார்; அடுத்த ஆண்டு கீ அரசரானார்; 1187 ஜூலையில் ஹாத்தின் போரில் நாட்டின் படை முழுவதையும் ஒரே நாளில் இழந்தார். அக்டோபரில் ஜெருசலேமே போயிற்று.

விளையாட்டில் பால்ட்வினாக இருப்பது பெரும் வேதனை. ஆயுள் குறைவு, பிள்ளை கிடையாது, நோயின் பொருட்டுச் சுற்றியுள்ளவர்களின் மதிப்பும் குறையும். எதற்கெடுத்தாலும் யாரையாவது அனுப்ப வேண்டியிருக்கும். அப்போதுதான் ஒன்று புலப்படுகிறது. யாரை அனுப்புவது என்று தெரிந்திருப்பதே அவருக்கு மிச்சமிருந்த பலம். தளபதியாக ஒருவர், கணக்குப் பார்க்க ஒருவர், ஒற்றறிய ஒருவர் என்று அவையில் அமர்த்தும் ஒவ்வொருவரின் எண்களையும் குணங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க நான் செலவிட்ட நேரம் போர்க்களத்தில் செலவிட்டதைவிடப் பன்மடங்கு. பேராசைக்காரர் ஒருவர் நிர்வாகத்தில் புலி. அவரைக் கருவூலத்தில் வைக்கலாமா? பெரிய நிலம் வைத்திருக்கும் சிற்றரசருக்கு அவையில் இடம் தராவிட்டால் கோபித்துக்கொள்வார். தந்தாலோ, அவருக்கு அந்த வேலை தெரியாது. இந்தச் சங்கடத்துக்கு விளையாட்டு எளிய விடை எதுவும் வைத்திருக்கவில்லை, பாராட்டுகிறேன்.

அரசர் மாறும் நேரம்தான் உண்மையான தேர்வு. நாற்பது ஆண்டுகள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மதிப்பு, திருமணத்தால் கிடைத்த நட்பு, எல்லாம் ஓர் இறப்புச் செய்தியோடு கரைந்துவிடும். இளவரசர் நேற்றுவரை யாருக்கும் எதுவும் கொடுத்தவரில்லை. அவர்களுக்கு அவர் யாரோ. ஆரம்பகாலச் சட்டப்படி நிலம் பிள்ளைகளுக்குப் பங்குபோடப்படும் என்பதால் தம்பிகள் ஆளுக்கொரு துண்டோடு எதிரில் நிற்பார்கள். மூத்தவருக்கே முழுவதும் என்ற சட்டம் ஆட்டத்தின் பிற்பகுதியில்தான் பெரும்பாலோருக்குக் கிட்டும். ஆகவே தகுதியான அரசர் யார் என்று இந்த விளையாட்டு கேட்டால், அவர் வாழ்ந்த காலத்தின் எல்லைகளைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. அவர் செத்த ஐந்தாம் ஆண்டில் நாடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1066இல் தொடங்குபவர்கள் சோழநாட்டைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். அது வீரராசேந்திரரின் காலம். துங்கபத்திரைக் கரை வரை போய்ச் சாளுக்கியரோடு மோதியவர். 1070இல் அவர் மறைந்தார். மகன் அதிராசேந்திரர் அரியணையில் சில மாதங்களுக்குமேல் நிலைக்கவில்லை. அவர் எப்படி மாண்டார் என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து கிடையாது. வேங்கியிலிருந்து, முதலாம் இராசேந்திரரின் மகள் வயிற்றுப் பேரர் வந்து குலோத்துங்கராக முடிசூடினார். விளையாட்டின் கணக்கில் அவர் தாய்வழி உரிமை கொண்டாடுபவர், அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அவருடைய உரிமை பலவீனமானது. அவரோ ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். ஈழத்தைக் கைவிட நேர்ந்தது, வேங்கியில் தொல்லை, ஆனாலும் நாடு குலையவில்லை. அவருக்கு மக்களிடையே நின்ற பெயர் எந்தப் போரையும் குறிக்கவில்லை. சுங்கம் தவிர்த்த சோழன் என்றுதான் அவரை இன்றும் சொல்கிறோம்.

என் குறை இங்கேதான் தொடங்குகிறது.

சுங்கம் தவிர்க்கும் ஆணை என்று ஒன்று இந்த விளையாட்டில் இல்லை. சந்தைக்குச் சரக்கு கொண்டுவரும் வணிகரின் சுமையைக் குறைத்து நல்ல பெயர் வாங்கும் வழியை நான் காணவில்லை. வரி என்பது சிற்றரசரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். அவர் அதை யாரிடமிருந்து எப்படிப் பறிக்கிறார் என்பது திரைக்கு அப்பால் நடக்கிறது. குடிமக்கள் முற்றிலும் இல்லையென்று சொன்னால் அது நியாயமாகாது. ஒவ்வொரு கோட்டத்துக்கும் மக்கள் கருத்து என்று ஓர் எண் உண்டு. அது மிகவும் இறங்கினால் குடியானவர்கள் கிளர்ந்தெழுவார்கள். எழும்போதுதான் அவர்கள் இருப்பதே தெரிகிறது. நிலைப்படையை அனுப்பினால் சில மாதத்தில் அடங்கிவிடுவார்கள், தலைவன் மட்டும் ஒரு பெயரோடு சிறைக்கு வருவான்.

கொடுங்கோன்மைக்கும் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. காரணமின்றி ஒருவரைச் சிறையிட்டால், நிலத்தைப் பறித்தால், கொன்றால் அந்தக் கணக்கு ஏறும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது பெயரும் முகமும் உள்ளவர்களுக்கு மட்டும் செல்லுபடியாகிறது. பெயரில்லாத ஓர் உழவரைப் பொய்வழக்கில் அடைத்து வைத்தால் அது எங்கும் ஏறாது. அப்படி ஓர் உழவரே விளையாட்டில் இல்லை. போரில் ஆயிரம் பேரை இழந்தாலும் அதேதான். திரட்டுப் படையின் எண் மாதா மாதம் மெல்ல ஊறி, பழைய அளவுக்கு வந்துவிடும். யாருடைய தாலியும் அறுந்ததாகத் தெரியாது.

அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் கலிங்கப் போரின் கணக்கு இருக்கிறது: ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டனர், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், அதைப்போல் பல மடங்கினர் மாண்டனர். வென்ற அரசரே தன் வெற்றியைத் துயரத்தோடு எண்ணிச் சொல்லும் ஆவணம் உலகில் அரிது. அந்தக் கல்வெட்டு கலிங்கத்திலேயே, தௌலியிலும் ஜௌகடாவிலும், பொறிக்கப்படவில்லை. தோற்ற மக்களிடம் போய் உங்களில் இத்தனை பேரைக் கொன்றேன் என்று எழுதி வைக்க அவர் விரும்பவில்லை போலும். அந்த இடத்தில் வேறு ஆணைகள் இருக்கின்றன. ஒன்று தோசலியில் நீதி வழங்கும் அதிகாரிகளுக்கு. எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்கிறார். காரணமின்றி யாரும் சிறைப்படாமலும் துன்புறுத்தப்படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், பொறாமையும் சினமும் சோம்பலும் உங்களிடம் வேண்டாம் என்கிறார். பேரரசர் ஒருவர் கல்லில் வெட்டச் சொல்லிக் கவலைப்பட்டது, எங்கோ ஓர் ஊரில் பெயர் தெரியாத ஒருவர் வீணாக அடைபட்டுக் கிடக்கக் கூடாதே என்று.

அந்தக் கவலைக்கு இந்த விளையாட்டில் பொத்தான் கிடையாது. 2024 மார்ச்சில் வந்த இணைப்போடு (விளையாட்டுக்குப் பின்னர் வெளியிடப்படும் கூடுதல் பகுதி) அரசரின் தகுதிக்கென்றே தனி அளவுகோல் ஒன்று சேர்ந்தது. ஆவலோடு திறந்து பார்த்தேன். உயர்குடியில் மணம் முடித்தால் ஏறுகிறது, போரில் வென்றால் ஏறுகிறது, தோற்றால் இறங்குகிறது. ஆள்வதற்கு ஒருவர் ஏற்றவர் என்று பிற பிரபுக்கள் நினைக்கிறார்களா என்பதுதான் அது அளப்பது. நல்ல அளவுகோல்தான், அந்தக் காலத்துப் பிரபுக்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆளப்படுபவர்களின் பக்கத்திலிருந்து அளக்கும் கோல் இன்னும் வரவில்லை. பலம் எங்கிருந்து வருகிறது என்று இவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்தவர்கள், அது எதற்காக என்ற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டுவிட்டார்கள்.

அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். "அத்தை, அதையெல்லாம் வைத்தால் விளையாட்டு நகராதே" என்றான். இருக்கலாம். ஆனால் அவனுக்குத் தெரியாமல் அவனே அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருப்பதையும் கவனித்தேன். ஒரு கோட்டத்தின் வளர்ச்சி எண்ணைக் கூட்ட நிர்வாகியை அங்கேயே பல ஆண்டுகள் உட்கார வைத்திருக்கிறான். வரி கூடும், படை கூடும் என்பதற்காகத்தான். இருந்தாலும் அங்கே பாலமோ சந்தையோ ஏதோ ஒன்று எழுந்திருக்கும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்து மிகுதி, எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் கிடையாது. ஆனால் நிறமிட்ட சொல்லின்மேல் சுட்டியை வைத்தால் விளக்கப்பெட்டி திறக்கும், அதற்குள் உள்ள சொல்லின்மேல் வைத்தால் இன்னொரு பெட்டி. புதியவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் வேண்டாம். முகங்கள் வயதுக்கேற்ப மூப்படைவது அழகு. பேத்தியின் முகத்தில் இறந்துபோன பாட்டியின் மூக்கைக் கண்டு நான் ஒரு முறை ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இசை பரவாயில்லை. போர் என்பது இரண்டு பொம்மைகள் முட்டிக்கொள்வதும் எண்கள் இறங்குவதும்தான், போர்க்களக் காட்சிக்காக வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். முதல் நூறு ஆண்டு தாண்டி நாடு பெருத்துவிட்டால் சவால் மங்கிவிடுகிறது. பேரரசராக இருப்பது இங்கே சலிப்பான வேலை. பழைய கணினியில் வரைபடத்தின் பிற்காலம் மெதுவாகத்தான் நகரும்.

இணைப்புகள் தனித்தனியாக விற்கப்படுகின்றன, அவற்றை மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். 2022 பிப்ரவரியில் வந்த அரசவை இணைப்பில் அரியணைக் கூடம் முப்பரிமாணத்தில் தெரியும், குறை சொல்ல ஆட்கள் வந்து நிற்பார்கள். சில அமர்வுகளுக்குப் பிறகு அதே குறைகள் திரும்ப வரும். 2023 மே மாதம் வந்த பயண இணைப்புக்கு நான் வாக்களிப்பேன். அரசர் அரண்மனையை விட்டு இறங்கி ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கிறது. வழியில் கொள்ளையர், மழை, நோய். பின்னால் தலைநகரில் பொறுப்பில் விட்டு வந்தவர் என்ன செய்கிறாரோ என்ற கவலை. ஒரு சிற்றரசரின் வீட்டுக்கே போய் இரண்டு நாள் தங்கிப் பேசிவிட்டு வந்தால் அவருடைய மதிப்பு எண் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். முன்பு எத்தனையோ பரிசுகள் அனுப்பி ஆகாதது அது.

பள்ளி மாணவர்களுக்கு நேரடியாகக் கொடுக்கத் தயங்குவேன். கொலை, சித்திரவதை, முறைகேடான உறவு எல்லாம் வெளிப்படையாக வருகின்றன. கல்லூரியில் வரலாறோ அரசியலோ படிப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன், ஆனால் பக்கத்தில் ஒரு கல்வெட்டுத் தொகுதியும் இருக்கட்டும்.

தொடங்குபவர்கள் 1066இல் அயர்லாந்தின் மன்ஸ்டர் அரசர் மர்ஹாட்டை எடுங்கள். பயிற்சி ஆட்டம் அவரை வைத்துத்தான். சிறிய நாடு, பக்கத்தில் சிறிய எதிரிகள், கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும். அண்ணன் மகன்கள் யாராவது அருகில் உட்கார்ந்து யோசனை சொன்னால், முதல் அரசர் இறக்கும்வரை கேட்காதீர்கள்.